ஏறிய ஏணி

தோழனே!

"உலகமே ஒரு சந்தையானால், சுங்கவரி எதற்கண்ணே? தேசியம் எதற்கு?" என்று கேட்டான், கல்லூரி மாணவனொருவன். கேள்வி அழகானது, கேட்ட உள்ளமும் தூயது. ஆயின், அந்தச் சந்தையின் கதவைத் திறந்தவர் யார், அடைத்தவர் யார்?

சோழமண்டலக் கரையின் சீட்டித் துணி இங்கிலாந்து மக்களை மயக்கிற்று. மக்கள் மயங்கினர், அந்நாட்டு நெசவாளர் கலங்கினர். 1700-இல் இறக்குமதிக்குத் தடைச் சட்டம்! 1721-இல் உடுத்தவே தடை! அந்த நிழலில் தொழில் வளர்ந்தது, ஆலை எழுந்தது. ஆலைத் துணி நம் கரையேறியபோதோ, தடுத்துச் சட்டமியற்றும் உரிமை நம்மிடம் இல்லை. நம் தறி ஓய்ந்தது. 1846-இல் தானியச் சட்டங்களை நீக்கிய அதே இங்கிலாந்து, தடையற்ற வாணிபமே தருமம் என்று உலகுக்கு உபதேசித்தது!

உச்சிக்கு ஏறியவன் ஏணியை உதைத்துத் தள்ளுகிறான் என்று, 1841-லேயே எழுதினார் செருமானிய அறிஞர் பிரெடரிக் லிஸ்ட். 1995-இல் உலக வணிக அமைப்பு பிறந்தது; கதவைத் திறவுங்கள் என்ற குரல் ஓங்கிற்று. ஓங்கி ஒலித்த அமெரிக்காவே, 2018-இல் அயல்நாட்டு உருக்குக்கு நூற்றுக்கு 25 வரி விதித்தது!

"வரி போட்டால் விலை ஏறுமே! வாங்குபவன் ஏழையல்லவா?" என்றான் மாணவன். மெய்தான், தோழனே! ஆகவேதான், இளம் பயிருக்கு வேலி வேண்டும். முற்றிய மரத்துக்கு வேண்டாம். தேசியத்தின் பெயரால் வேலி கேட்பவனிடம் இரண்டு கேள்வி கேள்: யாருக்காக? எத்தனை ஆண்டுக்கு? விடை சொல்லாதவன் நாட்டைக் காக்கவில்லை. தன் பணப்பெட்டியைக் காக்கிறான்!