எங்கட போனில் இருக்கிறது எங்கட பெயர் மட்டுமில்லை



இந்த முறை தலையங்கத்தை பலெர்மோ ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் இருந்து எழுதுகிறேன். புந்தா ராய்சி விமான நிலையத்துக்குப் போகிற ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிசம் இருக்கு. லண்டனில் தோழர்களின் கூட்டம், பிறகு சித்தி வீட்டில் இரண்டு நாள். பையில் அம்மா கட்டித்தந்த இடியப்பமும் சம்பலும். கையில் ஒரு பழைய போன். என்னுடைய வழமையான போன் வீட்டு அலுமாரிக்குள், நிப்பாட்டினபடி கிடக்கிறது.

"ஏன் பிள்ளை, நீ என்ன களவே எடுத்தனீ?" என்று அம்மா காலையில் கேட்டா. அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

போன வருசம் ஒரு நாட்டுக்குள் போகும்போது வரிசையில் இருந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். சின்ன அறை, ஒரு மேசை, இரண்டு அதிகாரிகள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். போனைத் திறந்து தரச் சொன்னார்கள். பயத்தில் ஒன்றும் கேட்காமல் திறந்து கொடுத்துவிட்டேன். அதைக் கொண்டு வேறு அறைக்குப் போனார்கள். ஒரு மணித்தியாலம் கழித்துத் திருப்பித் தந்து, "நல்ல பயணம்" என்றார்கள். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை.

வெளியே வந்து பஸ்ஸில் இருந்தபிறகுதான் கணக்குப் பார்த்தேன். அந்தப் போனுக்குள் கிளிநொச்சியில் மகனைத் தேடுகிற ஒரு அம்மாவின் குரல் பதிவுகள் இருந்தன. முள்ளிவாய்க்கால் நினைவேந்தலில் நின்றவர்களின் முகங்கள் தெளிவாகத் தெரிகிற படங்கள் இருந்தன. அவற்றை எடுத்து அனுப்பிய தம்பியின் நம்பர் அவனுடைய பெயரோடும் ஊரோடும் இருந்தது. நானே அப்படிச் சேமித்து வைத்திருந்தேன். அவர்களில் ஒருவரிடமும் அனுமதி கேட்காமல், எல்லாரையும் அந்த மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அந்த அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். "எங்கட வீட்டுக்கு அவங்கள் வந்து விசாரிக்கிறது புதுசே பிள்ளை?" என்றா. தம்பிக்குச் சொல்ல எனக்கு மூன்று கிழமை எடுத்தது. "சரி அக்கா" என்றான். அடுத்த நாள் குழுவில் இருந்து விலகிவிட்டான். இண்டைக்கு வரைக்கும் கதைக்கவில்லை. அந்தத் தரவு எங்கே போனது, யாருக்காவது போனதா என்று எனக்கோ அவனுக்கோ தெரியப்போவதில்லை. தெரியாமல் பயந்துகொண்டிருப்பதே அவனுக்குப் போதுமான தண்டனை.

தனிமனித அந்தரங்கம் என்று இதைக் கதைப்பது எங்களுக்குப் போதாது. இலங்கையில் 1979இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஃபேஸ்புக் பதிவுகளுக்காகவும் நினைவேந்தல் படங்களுக்காகவும் ஆட்களைப் பிடித்திருக்கிறார்கள். 2014இல் கொழும்பு அரசு 16 புலம்பெயர் அமைப்புகளையும் 424 ஆட்களையும் பட்டியலிட்டபோது, அவர்களோடு தொடர்பு வைத்திருப்பதே ஊரில் இருக்கிறவர்களுக்கு ஆபத்தாகியது. அப்படியான இடத்தில் தொடர்பே குற்றச்சாட்டாகிவிடும். எங்கட போன் முழுக்கத் தொடர்புகள்தானே.

சட்டம் எங்களை எவ்வளவு தூரம் பாதுகாக்கும்? நான் போகிற பிரித்தானியாவையே எடுப்போம். 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டத்தில் ஏழாவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. அதன்படி விமான நிலையத்திலோ துறைமுகத்திலோ எந்தச் சந்தேகமும் இல்லாமலே ஒருவரை ஆறு மணித்தியாலம் வரை வைத்து விசாரிக்கலாம். பதில் சொல்லாமல் இருக்கிறதே குற்றம். பாஸ்வேர்ட் தர மறுத்தாலும் அதே குற்றம்தான்.

2016 நவம்பரில் ஹீத்ரோவில் முகம்மத் ரப்பானி என்ற செயற்பாட்டாளரை இந்தச் சட்டத்தில் மறித்தார்கள். தன்னுடைய போனிலும் மடிக்கணினியிலும் சித்திரவதைக்கு உள்ளான ஒருவரின் வாக்குமூலம் இருக்கிறது, அதை வெளியிட எனக்கு உரிமை இல்லை என்று சொல்லி பாஸ்வேர்ட் கொடுக்க மறுத்தார். 2017 செப்ரெம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 2023 ஏப்ரலில் பிரெஞ்சு இடதுசாரிப் பதிப்பகம் ஒன்றில் வேலை செய்த எர்னெஸ்ட் மொரே லண்டன் புத்தகக் கண்காட்சிக்கு ரயிலில் வந்து இறங்கியபோது, அவரையும் இதே சட்டத்தில் மறித்து, பாஸ்வேர்ட் கொடுக்காததற்காகக் கைது செய்தார்கள். பயங்கரவாதச் சட்டங்களைச் சுயாதீனமாக மீளாய்வு செய்கிறவரே அது பிழை என்று பிறகு எழுதினார்.

அமெரிக்காவில் குடியுரிமை உள்ளவரை நாட்டுக்குள் விடாமல் இருக்க முடியாது, ஆனால் போனைப் பறித்து வைக்கலாம். விசாவில் போகிறவர் திறக்க மறுத்தால் திருப்பி அனுப்பலாம். ஒரே வரிசையில் நின்றாலும் உரிமை கடவுச்சீட்டைப் பொறுத்து மாறுகிறது. ஆகவே, "மறுத்துவிடுங்கோ" என்று எல்லாருக்கும் ஒரே புத்தி சொல்ல என்னால் முடியாது.

இந்த ஊரிலும் ஒரு கதை இருக்கிறது. 2016இல் சூடானில் பிடிபட்ட ஒரு எரித்திரிய இளைஞரைப் பெரிய ஆட்கடத்தல்காரன் என்று சொல்லி இத்தாலிக்குக் கொண்டுவந்து, பலெர்மோவில் வழக்குப் போட்டார்கள். அவருடைய போனும் ஃபேஸ்புக் தொடர்புகளும் அவருக்கு எதிரான சான்றுகளாக வந்தன. அவர் மெதானி தெஸ்பாமரியாம் பெர்ஹே. தேடப்பட்டவர் வேறொரு மெதானி. ஆள் மாறிவிட்டது என்று நீதிமன்றம் ஏற்று அவரை விட 2019 ஜூலை ஆகிவிட்டது. மூன்று வருசம் சிறையில் போனது.

2024 ஒக்ரோபரில் ரோம் அரசு கொண்டுவந்த 145ஆம் இலக்க அவசரச் சட்டம், தன்னை அடையாளப்படுத்த ஒத்துழைக்காத வெளிநாட்டவரின் போனைப் பொலிஸ் பார்க்க வழி செய்தது. உரையாடல்களைப் பார்க்கக்கூடாது என்று எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். படங்களுக்குள் தேடுகிற கை அதோடு நிற்கும் என்று லம்பெதுசாவில் இறங்குகிற ஒருவர் எப்படி நம்புவார்?

எதிர்த்துப் போராடினால் பலன் இருக்கிறது என்பதும் உண்மை. 2020இல் சிறு படகுகளில் வந்தவர்களின் போன்களைப் பிரித்தானிய உள்துறை மொத்தமாகப் பறித்தது சட்டவிரோதம் என்று 2022 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. தஞ்சம் கேட்கிறவர்களின் போனை ஜேர்மனி வேறு வழி பார்க்காமலே ஆராய்வது சட்டத்துக்கு மாறானது என்று 2023 பெப்ரவரியில் அங்குள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் தீர்த்தது. இரண்டு வழக்குகளையும் கொண்டுபோனவர்கள் போன் பறிகொடுத்த அகதிகளே. கடவுச்சீட்டு வைத்திருக்கிற நாங்கள் இல்லை.

தீர்ப்பு வரும் வரைக்கும் பயணம் நிற்காது. அதனால் எங்கட கூட்டில் நாங்கள் எடுத்த முடிவுகளை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, இல்லாததை யாரும் எடுக்க முடியாது. பயணத்துக்கு வேறு போன் கொண்டு போங்கோ. ஒரு போன்தான் இருக்கென்றால், தேவையானதைப் பிரதி எடுத்துப் பூட்டி வீட்டில் வைத்துவிட்டு, குழுக்களையும் படங்களையும் கிளவுட் கணக்குகளையும் புறப்பட முதலே அகற்றுங்கோ. மறித்தபிறகு அழிக்கக்கூடாது, பொய்யும் சொல்லக்கூடாது. இரண்டும் தனி வழக்காகலாம்.

இரண்டாவது, எல்லைக்கு வரும்போது போனை முழுதாக நிப்பாட்டுங்கோ. திரையை மட்டும் பூட்டுவது போதாது. நிப்பாட்டின போனை உடைத்துப் பார்ப்பது கருவிகளுக்கும் கஷ்டம். முகத்தாலும் விரலாலும் திறக்கிற வசதியை எடுத்துவிட்டு நீளமான பாஸ்வேர்ட் போடுங்கோ.

மூன்றாவது, வழக்கறிஞரின் நம்பரைக் கடதாசியில் எழுதி வைத்திருங்கோ. இறங்குகிற நேரத்தை ஒரு தோழருக்குச் சொல்லுங்கோ. போன் கையை விட்டுப் போய் வந்தால் அதை நம்பவேண்டாம். வேறு கருவியில் இருந்து பாஸ்வேர்ட்களை மாற்றுங்கோ. அதில் பெயர் இருந்தவர்களுக்கு அண்டைக்கே சொல்லுங்கோ. என்னைப் போல மூன்று கிழமை எடுக்கவேண்டாம்.

நாலாவதுதான் பெரிசு. ஊரில் இருக்கிறவர்களின் படத்தையோ பெயரையோ வைத்திருக்க முதல் அவர்களைக் கேளுங்கோ. குழுக்களில் செய்திகள் ஒரு கிழமையில் தானாக அழிகிற மாதிரிப் போடுங்கோ. ஒருவர் பயணம் போகும்போது அவரைக் குழுவில் இருந்து எடுத்து, திரும்பி வந்ததும் சேர்ப்பதை வழக்கமாக்குங்கோ. அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

தஞ்ச வழக்கு நடக்கிற தோழர்களுக்கு ஒரு வேறுபாடு இருக்கு. உங்களுக்குப் போன் சாட்சியாகவும் இருக்கலாம். காயத்தின் படம், மிரட்டின செய்தி, செத்துப்போன தம்பியின் குரல் எல்லாம் அதற்குள் இருக்கும். வழக்கறிஞரிடம் பிரதி கொடுக்காமல் எதையும் அழிக்கவேண்டாம்.

"எங்களிட்ட மறைக்க என்ன இருக்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். எங்களிடம் இல்லாமல் இருக்கலாம். கிளிநொச்சியில் இருக்கிற அந்த அம்மாவுக்கு இருக்கு. பிரச்சினை வந்தால் நாங்கள் பலெர்மோவுக்கோ பாரிசுக்கோ ரொறன்ரோவுக்கோ திரும்பி வந்துவிடுவோம். வீட்டுக் கதவைத் தட்டுகிற சத்தம் அவவுக்குத்தான் கேட்கும்.

வெறும் போன் சந்தேகத்தைக் கிளப்பாதா என்றும் கேட்கலாம். கிளப்பலாம். அந்தச் சந்தேகம் என்மேல்தான் விழும், அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன்.

ரயில் வந்துவிட்டது. அம்மா, நான் ஒண்டும் களவெடுக்கேல்ல. மற்றாக்கள் நம்பித் தந்ததைத்தான் வீட்டில வச்சிட்டு வாறன். பழைய போனையும் இப்ப நிப்பாட்டப் போறேன்.

தோழமையுடன்,
பலெர்மோவில் இருந்து