காட்டு இஞ்சியும் தோட்டத்து இஞ்சியும்

நீலகிரி மாவட்டத்தின் மேற்குச் சரிவிலே கூடலூர், பந்தலூர் மேட்டுநிலங்களில் ஆவணி, புரட்டாசி மாதங்களில் ஓடைக்கரை வழியே நடந்து செல்லும் குடியானவர், தரையினின்று தனியே எழும்பி நிற்கும் செந்நிறக் கூம்பு ஒன்றைப் பல இடங்களிலும் கண்டிருப்பர். முழ உயரமுள்ள ஒரு காம்பு. அதில் இலை கிடையாது. நுனியிலே மீன் செதிள்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மடல்கள். அதனைக் கையால் அழுத்தினால் வழவழப்பான நீர் சுரக்கும். அதுவே காட்டு இஞ்சி. மலையாளம் பேசுவோர் கோலிஞ்சி என்பர். இச்செடியைப் பிரயோஜனமற்ற களையென எண்ணி, இஞ்சிப் பாத்தி போடுமுன் ஓடைக்கரை வரையில் கொத்தி எறிவதும், அண்மைக் காலமாகக் களைக்கொல்லி தெளித்து ஒழிப்பதும் வழக்கமாகி வருகின்றன. வயலுக்குள் முளைப்பதைப் பிடுங்குவதில் யாதொரு குற்றமுமில்லை. ஓடைப் புறம்போக்கிலும் வேலியோரத்திலும் நிற்பதையும் சேர்த்து அழிப்பது இஞ்சி பயிரிடுவோர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் நஷ்டமாகும்.

இச்செடி நம் மலைகளுக்குப் புதிதன்று. 1678 முதல் 1693 வரையில் ஆம்ஸ்டர்டாம் நகரில் பன்னிரண்டு பாகங்களாக அச்சாகிய ஹோர்டஸ் மலபாரிக்கஸ் என்னும் நூலிலே மலையாளப் பெயரோடும் படத்தோடும் இது இடம் பெற்றுள்ளது. லின்னேயஸ் 1753-ல் இதற்கு நூற்பெயர் இட்டார். இக்காலத்துத் தாவர நூல்கள் இதனை ஜிஞ்சிபர் ஜெரும்பெட் என வழங்குகின்றன. தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் ஈரமான காட்டோரங்களில் இது பரவலாக வளர்கிறது. பசிபிக் மாகடலின் தீவுகளில் குடியேறிய பாலினேசியர்கள் தங்கள் ஓடங்களில் இதன் கிழங்கையும் ஏற்றிச் சென்றனர். ஹவாய்த் தீவிலே இன்றும் இதன் பூங்கூம்பைப் பிழிந்து வரும் நீரைத் தலைமுடிக்குத் தேய்த்துக் குளிப்பதுண்டு. நம்மவர் காலால் தட்டிவிட்டுப் போவதை அவர்கள் கடல் கடந்து கொண்டுபோய்க் காப்பாற்றியிருக்கிறார்கள்.

செடியின் அமைப்பைச் சற்று விரிவாகவே அறிந்துகொள்ளுதல் நலம். அடையாளம் தெரியாதவர் எதனையும் காக்க இயலாது. இதன் மட்டத்தண்டு, அதாவது நாம் கிழங்கு என்று சொல்வது, நிலத்தின் மேல்மட்டத்திலேயே கிளைத்துப் பரவும். வெட்டிப் பார்த்தால் உட்புறம் வெளிர் மஞ்சள். மணம் இஞ்சியை ஒத்திருக்கும். நாவில் இட்டால் கசப்பு மேலிடும். ஆகவே சமையலுக்கு உதவாது. கோடைமழை விழுந்தவுடன் இக்கிழங்கினின்று 3 முதல் 6 அடி உயரமுள்ள இலைத்தண்டுகள் கிளம்பும். உண்மையில் அவை தண்டுகள் அல்ல. வாழையிற்போல இலைகளின் அடியுறைகள் ஒன்றையொன்று சுற்றி நிற்பதே தண்டாகத் தோன்றுகிறது. இலைகள் இருபுறமும் மாறிமாறி வரிசையாய் அமைந்து, ஒரு அடி நீளமும் இரண்டு மூன்று அங்குல அகலமும் உடையனவாயிருக்கும். இலை உறையோடு சேருமிடத்தில் மெல்லிய காகிதம் போன்ற நாக்கு ஒன்று உண்டு. தோட்டத்து இஞ்சியின் இலை இதைவிடக் குறுகலானது.

பூங்கதிர் இலைத்தண்டின் நுனியில் வருவதில்லை. கிழங்கிலிருந்தே வேறாக ஒரு காம்பில் எழும்புகிறது. கூம்பு மூன்று முதல் ஐந்து அங்குலம் இருக்கும். இளமையில் மடல்கள் பசுமையாயிருந்து, நாளாக நாளாக அடியினின்று சிவந்து, முடிவில் கூம்பு முழுவதும் செங்கல் நிறத்தையும் கடந்து இரத்தச் சிவப்பாகும். இச்சிவப்பைக் கண்டு இதுவே பூவென்று மயங்குவோர் உண்டு. பூ வேறு. மடல்களுக்கிடையே ஒரு வேளையில் ஒன்றிரண்டாக வெளிர் மஞ்சள் நிறப் பூக்கள் விரிந்து, ஒரு நாளைக்குள் வாடிவிடும். அப்பூவில் பெரிதாய்த் தோன்றும் உதடு இதழன்று. மகரந்தம் தரும் தொழிலை இழந்த கேசரங்கள் ஒன்றுகூடி அவ்வுருவம் பெற்றிருக்கின்றன. தொழில் செய்யும் கேசரம் ஒன்றே. அதன் நுனி பறவையின் அலகுபோல் நீண்டு வளைந்து சூல்தண்டை அணைத்துக் கொண்டிருக்கும். இஞ்சி இனம் முழுவதற்கும் இந்த அலகே முத்திரை. காய் முற்றி வெடிக்கையில் வெண்ணிறப் போர்வை சூழ்ந்த கரிய விதைகள் வெளிப்படும்.

இதனோடு கலந்து மயங்கத்தக்கவை இரண்டு. காட்டு மஞ்சளும் கூவையும் மடல் செறிந்த கதிர் உடையனவே எனினும், அவற்றின் மடல்கள் பை போல் வாய் திறந்தும், உச்சியில் வேறு நிறக் கொண்டையுடனும் இருக்கும். வெண்பூ மலரும் மணமிக்க மற்றொரு செடி ஈரநிலங்களில் உண்டு. அதன் பூ இலைத்தண்டின் உச்சியில் வருவதால் எளிதிற் பிரித்தறியலாம்.

விதை என்னும் சொல்லை மேலே கூறியது காரணத்தோடுதான். காட்டு இஞ்சி விதை ஈனும். தோட்டத்து இஞ்சி விதை ஈனாது. எப்போதேனும் பூப்பினும் அதன் மகரந்தம் மலடானது. ஆகையால் நாம் விதை இஞ்சி என்று விலை கொடுத்து வாங்கி, ஏக்கருக்கு 600 கிலோவுக்குக் குறையாமல் நடுவதெல்லாம் முந்தின ஆண்டுச் செடியின் துண்டுகளேயன்றி வேறில்லை. தகப்பன் குணமும் தாய் குணமும் கலந்து புதிதாய் ஒரு பிள்ளை பிறத்தல் என்பது இப்பயிரில் நிகழ்வதில்லை. நெல்லிலும் கரும்பிலும் ஒரு இரகத்தையும் மற்றொன்றையும் ஒட்டி நோய் தாங்கும் புது இரகம் எடுப்பதுபோல் இஞ்சியில் எடுக்க இயலாமற் போனதும் இதனாலேயே. கோழிக்கோட்டிலுள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வரதா, மஹிமா, ரெஜதா ஆகிய இரகங்களும் இருக்கும் வகைகளுள் நல்லவற்றைப் பொறுக்கி எடுத்துப் பெருக்கப்பட்டவையே.

இனி நோயின் விஷயம். கிழங்கழுகல் நோய் தோட்டத்தில் புகுந்த கதையை இஞ்சிக்காரருக்கு விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. அடி இலைகளின் நுனி மஞ்சளாகும். பத்துப் பதினைந்து நாட்களில் தண்டின் அடி நீர் கோத்து மெலியும். மெல்ல இழுத்தால் கையோடு வந்துவிடும். கிழங்கு நாற்றமடித்துக் கூழாகி, நார் மாத்திரமே எஞ்சும். பித்தியம் என்னும் பூஞ்சை இனம் இதற்குக் காரணம். தேங்கும் நீரும் விடாத மழையும் அதற்கு வாகனம். இலை சுருண்டு வாடி, வெட்டிய தண்டைக் கண்ணாடிக் குவளை நீரில் நிறுத்தினால் பால் போன்ற கசிவு இறங்குமாயின் அது பாக்டீரியா வாடல் எனப்படும் வேறு நோய். இரண்டும் நிலத்திலேயே தங்கி மறு பருவத்துப் பயிரையும் தாக்கும்.

இதற்கு அஞ்சி இஞ்சிக்காரர் கண்டுபிடித்த வழி, ஆண்டுதோறும் புது நிலம் தேடுவது. வயநாட்டிலிருந்து குடகுக்கும் மைசூர்ப் பக்கத்துக்கும் குத்தகை நிலம் தேடிச் சென்றோர் பலர். அவ்வளவு தூரம் போக வசதியில்லாதவர் சொந்த ஊரிலேயே இதுவரை இஞ்சி காணாத மூலைகளைத் திருத்துகின்றனர். இஞ்சி காணாத மூலை எது? ஓடைக்கரை, வேலியோரம், காப்பித் தோட்டத்தின் ஈரமான சரிவு. காட்டு இஞ்சி நிற்பதும் அங்கேதான். அழுகல் நோய்க்குப் பயந்து ஓடும் பயிர், அந்நோயைத் தாங்கி நிற்கும் தன் உறவினையே ஒழித்துவிட்டு அவ்விடத்தில் அமர்கிறது.

தாங்கி நிற்கும் என்று கூறியது வெறும் ஊகமன்று. திருவனந்தபுரத்திலுள்ள ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்தின் ஆராய்ச்சியாளர் பல இடங்களினின்று காட்டு இஞ்சியைத் திரட்டி, அழுகல் பூஞ்சையை அவற்றில் ஏற்றிச் சோதித்து, 2008-ல் முடிவை வெளியிட்டனர். காட்டு இஞ்சியில் நோயைத் தாங்கும் ஆற்றல் உண்டென்பது அதனால் தெளிவாயிற்று. அதனினும் முக்கியமாய்க் கருதத்தக்கது, திரட்டிய செடிகள் எல்லாம் ஒரே அளவில் தாங்கவில்லை என்பது. ஓர் இடத்துச் செடி போல் மற்றோர் இடத்துச் செடி இல்லை. ஆகவே ஏதோ ஒரு தாவரத் தோட்டத்தில் ஒரு தொட்டி காட்டு இஞ்சி வைத்திருந்தால் போதுமென்று நிம்மதி கொள்ளலாகாது. ஒவ்வோர் ஓடைக்கரைக் கூட்டமும் தனித்தனியே மதிப்புடையது. எது அழிந்தால் எக்குணம் அழியும் என்று முன்கூட்டிச் சொல்லத்தக்கவர் எவருமிலர். வாடல் நோயைப் பொறுத்தவரையில் மாங்காய் இஞ்சியில் அத்தகைய தாங்கும் குணம் இருப்பதைக் கோழிக்கோட்டு நிலையத்தார் கண்டிருக்கின்றனர். இஞ்சிக்குத் தன்னிடத்தில் இல்லாததை அதன் உறவுகளிடமே தேட வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு தடை எழும். விதை ஈனாத இஞ்சியோடு காட்டு இஞ்சியை ஒட்டுச் சேர்ப்பது முடியாதாயின், அதன் குணத்தால் குடியானவருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இன்று காட்டு இஞ்சியை நட்டு எவரும் அழுகலைப் போக்கிக்கொள்ள முடியாது. அப்படிச் சொல்லி யாரேனும் கிழங்கு விற்க வந்தால் வாங்க வேண்டாம். ஆயினும் எந்தக் கூறினால் அச்செடி பூஞ்சையைத் தடுக்கிறது என்பதை அணுவணுவாய் ஆராய்ந்து, அதனைப் பயிருக்கு மாற்றும் வழிகள் ஆராய்ச்சிக் கூடங்களில் தேடப்பட்டு வருகின்றன. அவ்வேலை நாளையே முடியாது. முடியும்போது மூலச்செடி இல்லையென்றால் எடுப்பதற்கு ஒன்றுமிராது.

மற்றொரு தடை இதைவிட வலியது. இஞ்சியின் தண்டுத்துளைப்பான் புழு மஞ்சளையும் ஏலத்தையும் தாக்குவது. இக்குடும்பத்துக் காட்டுச் செடிகளும் அதற்கு இடங்கொடுக்கும். பாத்தியை ஒட்டி அவற்றை வளரவிட்டால் புழுவுக்கு விருந்தோம்புவதாகும். இது மெய். ஆதலினாலேயே வயல் வரப்பிலும் பாத்தியின் அருகிலும் காட்டு இஞ்சி வேண்டாம் என்பதும், ஓடைக்கரையில் நிற்பதைத் தொட வேண்டாம் என்பதும் ஒருங்கே கூறப்படுகின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள எல்லையைக் குடியானவர் தம் நிலத்தைப் பார்த்துத் தாமே வகுத்துக் கொள்ளலாம்.

அழுகலுக்கு இன்றைக்குள்ள பரிகாரம் பழையதுதான்: நோயற்ற தோட்டத்து விதைக்கிழங்கு, லிட்டர் நீருக்கு 3 கிராம் மேன்கோசெப் கரைத்து அரைமணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்துதல், மேட்டுப்பாத்தி, வடிகால், பயிர் மாற்றம். இவற்றைச் செய்யாமல் புது நிலம் தேடுவோர் நோயையும் விதையோடு கூடவே எடுத்துச் செல்கின்றனர். புது நிலத்தில் முதலாண்டு தப்பினால் அது நிலத்தின் தயவு. இரண்டாம் ஆண்டு அத்தயவு இராது.

கிராம அலுவலர்களுக்கும் ஊராட்சியாருக்கும் இதில் ஒரு கடமையுண்டு, அது செலவில்லாதது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைந்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். அப்பதிவேட்டில் புலியும் யானையும் ஏறுகின்றன. காட்டு இஞ்சியும் ஏற வேண்டும். இன்ன சர்வே எண்ணை ஒட்டிய ஓடைப் புறம்போக்கில், இன்ன இடத்தில், இத்தனை புதர் என்று ஒரு வரி எழுதினால் போதும். 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமும் பயிர்களின் காட்டு உறவுகளைக் காக்கும் குடியானவரையும் ஊராரையும் பாராட்டிப் பரிசளிக்க வழி செய்திருக்கிறது. நெல் இரகம் காத்தோர் பரிசு பெறுகையில் இஞ்சியின் உறவைக் காக்கும் ஊர் கேளாதிருப்பானேன்? ரிசர்வ் காட்டுக்குள் புகுந்து கிழங்கு தோண்டுவது மட்டும் குற்றம். காக்கும் ஆர்வத்தாலும் அதனைச் செய்யலாகாது.

பதிவு செய்வதற்குரிய காலத்தைத் தவறவிடலாகாது. ஓடை தூர் வாருவதும் கரை திருத்துவதும் மாசி முதல் சித்திரை வரையிலான வறட்சியில் நடப்பவை. அப்போது காட்டு இஞ்சியின் இலையும் தண்டும் மடிந்து, நிலத்துக்கு மேல் ஓர் அடையாளமும் இராது. மண் அள்ளும் இயந்திரம் ஒரே வாரலில் கிழங்கு முழுவதையும் வாரிக் கொட்டிவிடும். ஓட்டுகிறவரைக் குறை கூறவும் இடமில்லை. சிவந்த கூம்பு கண்ணுக்குத் தெரியும் ஆவணி, புரட்டாசியிலேயே இடத்தைக் குறித்து, கல்லோ முளையோ நட்டு, அக்குறிப்பைத் தூர் வாரும் வேலையை மேற்பார்ப்பவரிடம் தை மாதத்துக்குள் சேர்ப்பித்துவிட வேண்டும்.