புது ஷூ போட்டால் போதுமா?

பழைய கார் வைத்திருப்போருக்கு வர்ணத்தின் மீதுள்ள காதல் பிரேக்கின் மீது இருப்பதில்லை. பம்பரைத் துடைத்துத் துடைத்து முகம் பார்ப்பார்கள். “பிரேக் எப்படி?” என்று கேட்டாலோ, “புது ஷூ போட்டாயிற்றே!” என்று பதில் வரும். இந்தப் பதிலை நான் ஏற்பதற்கில்லை. புது ஷூ போட்ட முதல் நாளில், தேய்ந்த ஷூவோடு ஓடியதைவிட மோசமாகவே அந்தக் கார் நிற்கக்கூடும் என்பது என் துணிபு. (‘ஷூ’வுக்குத் தமிழ் காணக் கலைச்சொல் அன்பர்கள் அவசரப்பட வேண்டாம். ‘காலணி’ என்றால் மெக்கானிக் வாசற்படியைப் பார்ப்பார்.)

அம்பாசடரையே எடுத்துக்கொள்வோம். உத்தர்பாராவில் அதன் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. அதன் பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். பல்லாண்டு தேய்ந்த டிரம்மின் உள்வட்டம் பெருத்திருக்கும். புது லைனிங்கோ ஆதி அளவுக்கு வளைந்தது. சிறிய வளைவு பெரிய வளைவுக்குள் அமர்ந்தால் நடுவில் மட்டுமே தொடும். “உராய்வு விசை பரப்பைப் பொறுத்ததன்று” என்று நம் பௌதிக மாணவர் குறுக்கிடுவார். வகுப்பறையில் அது சரி. ஆனால் அந்தக் குறுகிய இடத்திலேயே வெப்பம் முழுவதும் குவிகிறது. லைனிங் கொதித்தால் உராய்வெண்ணே சரிகிறது. மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழத்துப் போகிறது. ஆகவே டிரம்மின் உள்ளே சுண்ணக்கட்டி பூசிச் சுழற்றி, ஷூ எங்கே தொடுகிறது என்று பார்த்து, டிரம்முக்கு ஏற்ப லைனிங்கைக் கடைந்து வாங்க வேண்டும்.

அடுத்தது திருகு. கைபிரேக்கைத் தளர்த்திய பிறகே அதில் கை வைக்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளும்வரை இறுக்கி, பெடலை ஒருமுறை அழுத்தி மிதித்து ஷூக்களை ஒழுங்காக உட்காரவிட்டு, மீண்டும் இறுக்கிப் பார்த்து, சக்கரம் தாராளமாகச் சுழலும் அளவுக்கு மட்டும் தளர்த்த வேண்டும். முன்சக்கரத்தில் இரண்டு ஷூவுக்கும் தனித்தனித் திருகு இருக்கும் வண்டிகளில் ஒன்றை மட்டும் திருகிவிட்டுத் திருப்தியடைவோர் உண்டு! ஒரே அச்சின் இரு சக்கரங்களும் சமமாக இல்லாவிட்டால் பிரேக் பிடித்ததும் கார் ஒரு பக்கமாக இழுக்கும். பிறகு ஆளில்லாச் சாலையில் மெதுவாக ஓட்டி, இடையிடையே ஆறவிட்டு, லைனிங்கைப் படியவைக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் கழித்து மறுபடியும் திருகு பார்க்க வேண்டும்.

ஐம்பது ஆண்டு கடந்த கார்களுக்கென 2021-இல் மத்திய அரசு தனி விதி வகுத்தது. கண்காட்சிக்கும் பழங்கார் பேரணிக்கும் அவை வரலாம். அன்றாடச் சவாரிக்கு வரலாகாது. “எப்போதோ ஓடும் வண்டிதானே” என்று அலட்சியம் பிறப்பது இங்கேதான். நின்றே கிடக்கும் வண்டியில்தான் வீல் சிலிண்டர் துருப்பிடிக்கிறது. பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சுகிறது. அது வெளியே வரும் நாளிலோ வேடிக்கை பார்க்கச் சாலையோரமெல்லாம் குழந்தைகள்!

இன்னொரு கொடுமையையும் சொல்லியாக வேண்டும். டிரம்மைக் கழற்றியதும் உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. பழைய லைனிங்குகள் பலவற்றில் கல்நார் இருக்கிறது. அதன் இழை நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாகத் தலைகாட்டும். ஊதுகிறவன் பட்டறைப் பையன். காரின் சொந்தக்காரர் பத்தடி தள்ளி நிற்கிறார். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் கட்டி அகற்றச் சொல்ல வேண்டியவர் அவரே. நுண்தூசியைத் தடுக்கும் முகமூடியையும் அவரே வாங்கித் தரட்டும். வர்ணத்துக்குக் கொட்டும் பணத்தில் அது ஒரு மூலைக்குக் காணாது.