இயந்திரம் எழுதிய நிரல்: கட்டற்ற மென்பொருள் உலகம் ஏற்கலாமா?

நம் கையிலுள்ள செல்பேசியிலும் வீட்டுத் தொலைக்காட்சியிலும், சாலையில் ஓடும் கார்களிலும்கூட, 'கர்ல்' என்னும் சிறிய மென்பொருள் அமைதியாக வேலை செய்துகொண்டிருக்கின்றது. இணையத்திலிருந்து தகவல்களைக் கொண்டுவருவதும் அனுப்புவதும் இதன் பணி. சுவீடன் நாட்டைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1998ஆம் ஆண்டு இதனை இப்பெயரில் வெளியிட்டார். யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், திருத்தலாம். 2000 கோடிக்கும் மேற்பட்ட இடங்களில் இது நிறுவப்பட்டிருப்பதாக அவர் மதிப்பிடுகின்றார். ஆனால் இதன் பாதுகாப்பைக் கவனிப்பவர்கள் ஒரு சிலரே.

குறைகளைக் கண்டுபிடித்துச் சொல்வோருக்கு 2019 முதல் இத்திட்டம் பரிசுத்தொகை வழங்கி வந்தது. 2025 ஜூலை வரை 81 உண்மையான குறைகளுக்கு 90,000 டாலருக்கும் மேல் கொடுத்திருந்தார்கள். இதற்கிடையே செயற்கை நுண்ணறிவு வந்தது. இல்லாத குறை ஒன்றை இயந்திரத்தைக் கொண்டு அழகிய ஆங்கிலத்தில் எழுதி அனுப்பப் பலர் தொடங்கினார்கள். 2025இன் முற்பாதியில் வந்த அறிக்கைகளில் ஐந்தில் ஒன்று இத்தகையது. உண்மையாய் இருந்தவை ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே. அனுப்பியவருக்குச் செலவு சில நிமிடங்கள். பொய்யென்று கண்டறிபவருக்கோ பல மணி நேரம். (காணிக்கைப் பெட்டியில் செல்லாத நோட்டு விழுந்தால் எண்ணுபவருக்குத்தானே வேலை!) 2026 ஜனவரி மாத இறுதியோடு பரிசுத் திட்டமே நிறுத்தப்பட்டது.

அப்படியானால் இயந்திரம் எழுதும் நிரலுக்குக் கதவை அடைத்துவிடலாமா? ஜென்டூ லினக்ஸ் 2024 ஏப்ரலில் அப்படித்தான் முடிவு செய்தது. நெட்பிஎஸ்டி அடுத்த மாதமே ஏறத்தாழ அதே நிலையை எடுத்தது. க்யூஇஎம்யூ 2025இல் மறுத்தபோது சொன்ன காரணம் சிந்திக்கத் தக்கது. லினக்ஸ் மீது உரிமை கோரி எஸ்சிஓ நிறுவனம் 2003இல் தொடுத்த வழக்கிற்குப் பின், 2004 முதல், நிரல் தருகின்ற ஒவ்வொருவரும் "இதைத் தர எனக்கு உரிமை உண்டு" என்று கையொப்பமிடும் வழக்கம் வந்தது. யாருடைய நிரலைப் படித்து இயந்திரம் இதை எழுதியது என்று தெரியாதவர், அந்தக் கையொப்பத்தை எப்படி இடுவார்?

இன்னொரு சிக்கலும் உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் வெளியிட்ட ஜிபிஎல் உரிமம், "பெற்றதை அதே உரிமையோடு பிறருக்கும் கொடு" என்று கட்டளையிடுகின்றது. அதற்கு வலிமை தருவது காப்புரிமைச் சட்டமே. மனிதர் ஆசிரியராய் இல்லாத படைப்புக்குக் காப்புரிமை இல்லை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2025 மார்ச்சில், ஓவிய வழக்கொன்றில், தீர்ப்பளித்தது. மனிதர் திருத்தி அமைத்த பகுதிக்கு உரிமை கிடைக்கலாம். முழுதும் இயந்திரமே எழுதிய பகுதியை ஒரு நிறுவனம் எடுத்துப் பூட்டி வைத்துக்கொண்டால், கேட்க யாருக்கு உரிமை?

ஆயினும் கருவியின் மேல் மட்டும் பழிபோடுவது நியாயமாகாது. 2025 செப்டம்பரில் ஆய்வாளர் ஒருவர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளால் கண்டறிந்து அனுப்பிய பட்டியலைக் கொண்டு, அதே கர்ல் மென்பொருளில் ஏறத்தாழ 50 திருத்தங்கள் செய்யப்பட்டன. ஸ்டென்பெர்க் அதை மனமாரப் பாராட்டினார். கருவியை அந்த ஆய்வாளர் திறமையோடு கையாண்டார், வேறுபாடு அதுவே.

எனவே ஃபெடோரா 2025 அக்டோபரில் எடுத்த நிலைப்பாடே எனக்குச் சரியாகப் படுகின்றது: பயன்படுத்தலாம், ஆனால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், முழுப் பொறுப்பும் தருகின்ற மனிதருடையது. லினக்ஸ் கருநிரலின் விதியும் மனிதர் மட்டுமே கையொப்பமிடலாம் என்கின்றது. முழுத் தடையை நேர்மையாளர் மதிப்பர், மற்றவர் மறைப்பர். எனினும் இரண்டு மூன்று பேர் மட்டும் நடத்தும் சிறு திட்டம் "வேண்டாம்" என்று சொன்னால், அதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அவர்களது மாலை நேரம் அவர்களுடையது.

பணிக்கு அடுத்து வருபவர் யார் என்பதும் எழுகின்றது. புதியவர் ஒரு சிறு பிழையைத் திருத்தி அனுப்புவார்; மூத்தவர் ஏன் தவறு என்று பொறுமையாக விளக்குவார்; சில ஆண்டுகளில் அந்தப் புதியவரே மூத்தவராவார். அந்த விளக்கத்துக்குப் பதிலும் இயந்திரத்திடமிருந்தே ஒட்டப்பட்டு வந்தால், கற்றுக்கொள்ள மறுமுனையில் யாரும் இல்லை. எல்எல்விஎம் திட்டம் தன் விதிகளில் இயந்திர உதவியை அனுமதிக்கின்றது. ஆனால் புதியவர்களுக்கென ஒதுக்கிய எளிய பணிகளில் மட்டும் அதைத் தொடக்கூடாது என்று எழுதி வைத்திருக்கின்றது.