மின்வெட்டும் ஒரு நோய்க்கிருமி

மியான்மாரின் யாங்கூன் நகரில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிப்பவர்கள் குறைவு. கையில் காசு இருப்பவர்கள் 20 லிட்டர் கேன் வாங்குகிறார்கள். இல்லாதவர்கள் கொதிக்க வைக்கிறார்கள். விறகுக்கும் வழியில்லாவிட்டால் துணியில் வடிகட்டிக் குடிக்கிறார்கள். துணி தூசியை நிறுத்தும், கிருமியை முழுதாக அல்ல. 2024 ஜூன், ஜூலையில் நகரில் கடும் வயிற்றுப்போக்கு பரவி, காலரா பீதியும் கிளம்பியபோது, வழக்கம்போல் ‘கொதிக்க வைத்துக் குடியுங்கள்’ என்ற அறிவுரைதான் முதலில் வந்தது. தவறான அறிவுரை அல்ல. ஆனால், நகராட்சி செய்ய வேண்டிய வேலையைத் தாய்மார்களின் அடுப்பில் இறக்கிவைக்கிற அறிவுரை.

ஆங்கிலேயர் காலத்தில் கட்டிய லோகா நீர்த்தேக்கம் (1904), ஜோபியூ நீர்த்தேக்கம் (1940) ஆகியவற்றின் தண்ணீர் இன்றும் இந்த நகருக்கு வருகிறது. அதில் பெரும்பகுதி நெடுங்காலமாக முறையான சுத்திகரிப்பு இல்லாமலே குழாயில் இறங்கிவந்தது. தண்ணீர் அதைவிட மோசமாகக் கெடுவது வழியில்தான். நகர மையத்தின் பின்சந்துகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: குப்பை, தேங்கிய சாக்கடை, அதன் ஓரத்திலேயே துருப்பிடித்த குழாய்கள். மையப் பகுதியின் பாதாளச் சாக்கடை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், சில பத்தாயிரம் பேருக்காகப் போடப்பட்டது. மற்ற பகுதிகளில் செப்டிக் டேங்க்தான். மழைக்காலத்தில் அது நிரம்பி வழிந்தால் தெருக் கால்வாய்தான் கதி.

குழாயில் அழுத்தம் இருக்கும்வரை விரிசல் வழியே தண்ணீர் வெளியேதான் போகும். நஷ்டம், ஆனால் நோய் இல்லை. அழுத்தம் விழுந்த நிமிடமே நிலைமை தலைகீழாகிறது: வெளியே தேங்கியது உள்ளே வருகிறது. மின்சாரம் போனால் நீரேற்று நிலையம் நிற்கும், அழுத்தமும் விழும். 2021 ராணுவ ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு மின்வெட்டு முற்றி, நாளொன்றுக்கு எட்டு மணி நேர மின்சாரம் என்ற நிலைகூட வந்தது. கரண்ட் வந்ததும் ஆறு மாடிக் கட்டடங்களில் வீட்டுக்கு வீடு மோட்டார் ஓடும். காலிக் குழாயை எல்லாருமாகச் சேர்ந்து உறிஞ்சுவார்கள். சென்னைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யாங்கூனில் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள டலா பகுதியின் துயரம் வேறு: நிலத்தடி நீர் உப்பு, கோடையில் குளங்கள் வற்றும், பிறகு நன்கொடைத் தண்ணீர் லாரிக்காக வரிசை.

கேன் தண்ணீர் காப்பாற்றாதா என்றால், பெரியவர்களை ஓரளவுக்குக் காப்பாற்றும். பால்புட்டியைக் கழுவுவது குழாய்த் தண்ணீரில். குளிக்கும்போது குழந்தை வாயில் போவதும் அதுதான். கீரை அலசுவதும் அதில்தான். தவழும் குழந்தைக்குக் கேன் தண்ணீர், குழாய்த் தண்ணீர் என்ற பேதமெல்லாம் கிடையாது.

உலக அளவில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 4.4 லட்சம் குழந்தைகளை ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கு கொல்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறிய உடம்பில் கையிருப்பு நீர் கொஞ்சம். சில மணி நேரத்திலேயே கண் குழிந்து, சிறுநீர் நின்றுவிடும். பிழைத்த குழந்தைக்கும் அடிக்கடி வந்தால் குடல் சத்தை உறிஞ்சும் திறனை இழக்கிறது, வளர்ச்சி குன்றுகிறது. மருந்தோ மிக மலிவு: உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓஆர்எஸ் கரைசல், கூடவே துத்தநாக மாத்திரை. 1971-இல் வங்காள அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகாலனோபிஸ் அந்தக் கரைசலால் ஆயிரக்கணக்கானோரைப் பிழைக்க வைத்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. ஆட்சிக்கவிழ்ப்பை அடுத்து மியான்மாரில் தடுப்பூசிப் பணியே சரிந்தது என்பதுதான் கொடுமை.

புதிய நீர்த்தேக்கமும் புதிய குழாய்களும் வேண்டும்தான். உள்நாட்டுப் போரில் பணத்தைக் கொட்டும் அரசிடம் அதை இன்று எதிர்பார்ப்பது வீண். உடனே செய்யக்கூடியவை இரண்டு உண்டு. நீரேற்று நிலையங்களுக்குச் செல்லும் மின்தடத்தை, மருத்துவமனைகளின் தடத்தைப் போலவே, மின்வெட்டுப் பட்டியலிலிருந்து நீக்குவது ஒன்று. வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்கிறதா என்று வார்டு வார்டாகச் சோதித்து, முடிவைத் தெருமுனையில் ஒட்டுவது மற்றொன்று. முதலாவதற்கு ஓர் உத்தரவு போதும். இரண்டாவதற்கு அந்த அரசு சம்மதிக்குமா என்பது சந்தேகம்; ஒட்டிய எண்ணை மக்கள் படித்துவிடுவார்களே.