சாவி வந்தால் வீடு வந்ததா?

வாடகை வீட்டில் சுவாமி படம் மாட்ட ஓர் ஆணி அடிப்பதற்குக்கூட வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். சொந்த வீடு என்ற ஆசை அந்த ஆணியில்தான் பிறக்கிறது, இல்லையா?

நம் வீட்டு வசதி வாரியம் 1961-ல் ஏற்பட்டது. அப்போது முதலமைச்சர் விருதுநகர்க்காரரான காமராஜ். அவரோ 1975-ல் கண்மூடும் வரை சென்னையில் வாடகை வீட்டில்தான் குடியிருந்தார்! அவர் தனி மனிதர், சரிப்பட்டது. பிள்ளைகுட்டிகளோடு வருஷத்துக்கு ஒரு வீடு மாறுகிற நமக்குச் சரிப்படுமா?

தமிழர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே 1960-ல் வீட்டு வாரியம் வந்தது. முதலில் வாடகைக்குத்தான் வீடு. 1964-ல் விலைக்குத் தரத் தொடங்கினார்கள். 1968 முதல் சம்பளத்தில் பிடிக்கும் சேமநிதியிலிருந்தே தவணை கட்டலாம் என்றார்கள். இன்று பத்தில் ஒன்பது குடும்பங்களுக்குச் சொந்த வீடு! வாரிய வீடுகள் 99 வருஷக் குத்தகைதான் என்பது வேறு விஷயம்.

மாதச் சம்பளம் உள்ள இடத்தில் நடந்தது சிவகாசியில் அப்படியே நடந்துவிடுமா? பட்டாசு ஆலையில் பலருக்கு, செய்து கொடுத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. மழை பிடித்துக்கொண்டால் மருந்து காயாது. தீபாவளி முடிந்தால் சில வாரம் வேலையும் இராது. ஆனால் தவணைக்கு மழை ஏது, தீபாவளி ஏது? பத்து லட்சம் ரூபாய் கடன், 9 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதம் சுமார் 9,000 ரூபாய். மொத்தம் கட்டுவது இருபத்தொன்றரை லட்சத்துக்கு மேல்! 'வாடகைக்குக் கொடுப்பதைத் தவணையாகக் கொடுத்தால் போச்சு' என்று யாராவது சொன்னால், வேலையில்லாத மாதத்துக்கு யார் கொடுப்பார்கள் என்று கேளுங்கள். அந்த மாதங்களுக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுவதே புத்திசாலித்தனம்.

இன்னொன்று, சகோதரிகளே. வாரியத்தின் தவணை முறை வீட்டில் சாவி முதலிலேயே கிடைத்துவிடும். கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை மட்டுமே. கடைசித் தவணை கட்டி, கிரயப் பத்திரம் பதிவாகும் வரை வீடு வாரியத்துடையதுதான். ரசீதுகளைப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு, பத்திரத்தை மறந்துபோன குடும்பங்கள் எத்தனையோ! பிள்ளைகள் பாகம் பிரிக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

பத்திரம் யார் பெயரில் என்கிறீர்களா? 2025 ஏப்ரல் 1 முதல், பத்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. வீட்டுக்காரரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்களேன்!