கைத்தட்டல் நம்ம கையிலதான் இருக்கு

போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு அண்டா கழுவும்போது எங்க தொண்டூழியர்களுக்குள்ள ஒரு வாக்குவாதம். ‘தி பியானிஸ்ட்’ படம் எடுத்த ரோமன் போலன்ஸ்கியைப் பத்திப் பேச்சு வந்துச்சு. “படத்தைப் பாருங்க, ஆளைப் பார்க்காதீங்க” என்றார் ஓர் அண்ணன். அங்க நாங்க சரியா பதில் சொல்லல. இங்க சொல்றோம்.

1977-இல் அமெரிக்காவில், 13 வயதுச் சிறுமியுடன் சட்டவிரோதமாக உடலுறவு கொண்டதாக நீதிமன்றத்தில் போலன்ஸ்கி ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு 43 வயது. தண்டனை அறிவிக்கும் முன்பே, 1978-இல், பிரான்சுக்கு ஓடிப்போனார்.

அப்புறம் என்ன ஆச்சு? 2003-இல் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கார் அவருக்கே. அமெரிக்காவுக்குள் கால் வைத்தால் கைது என்பதால் அவர் வரவில்லை. ஆனாலும் அரங்கத்தில் பலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். 2009-இல் சுவிட்சர்லாந்தில் கைதானபோது, அவரை விடுவிக்கச் சொல்லி பெரிய பெரிய சினிமாக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இதையே ஒரு பஸ் டிரைவர் செஞ்சிருந்தா யாராச்சும் கையெழுத்துப் போடுவாங்களா?

2018-இல்தான் ஆஸ்கார் அகாடமி அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. நாற்பது வருஷம்! 2020-இல் பிரான்சின் சேசார் விருது மறுபடியும் அவருக்குப் போனபோது, நடிகை அதேல் எனேல் எழுந்து அரங்கத்தை விட்டு வெளியேறினார். சின்ன வயசில் தன்னை நடிக்க வைத்த இன்னோர் இயக்குநர் தன்னிடம் தவறாக நடந்துகொண்டதாக 2019-இல் சொன்னவர் அவர். அந்த இயக்குநர் மறுத்தார். 2025-இல் பாரிஸ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அவர் மேல்முறையீடு செய்தார்.

“பாதிக்கப்பட்ட பொண்ணே மன்னிச்சிட்டாங்களே, உங்களுக்கு என்ன?” என்று கேட்பீர்கள். உண்மைதான், அந்த அம்மா பல தடவை அப்படிச் சொல்லியிருக்காங்க. மன்னிப்பு அவங்க கொடுக்கிறது. கைத்தட்டல் நாம கொடுக்கிறது. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.

“இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை” என்பீர்கள். கேரளாவில், மலையாள சினிமாப் பெண்கள் படும் பாட்டை விசாரித்த ஹேமா கமிட்டி 2019 கடைசியில் அறிக்கை கொடுத்தது. அது வெளியே வந்தது 2024 ஆகஸ்டில். வாயைத் திறந்தால் வாய்ப்புப் போய்விடும் என்ற பயம் அதில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. வேலை கொடுக்கிற கைதான் வாயையும் மூடுது.

வதந்தியை வச்சு யார் பேரையும் கெடுக்கச் சொல்லல. நீதிமன்றத்தில் நிரூபணமானதையும், தானே ஒப்புக்கொண்டதையும் கூடத் திறமைக்காக மறந்துடணுமா என்பதுதான் எங்க கேள்வி.

நிதி திரட்டும் கலைநிகழ்ச்சிக்கு நாமும் சினிமா ஆட்களை அழைக்கிறோம். மேளதாளத்தோடு மேடை ஏத்தி, மாலை போட்டு, பொன்னாடை போர்த்துறோம். அந்தப் பொன்னாடை பக்தர்கள் கொடுத்த வெள்ளியில வாங்கினது. போர்த்துறதுக்கு முன்னாடி ஆள் யாருன்னு விசாரிக்கிறது நம்ம கடமை. நிர்வாகத்திடமும் இதையே சொல்லப் போகிறோம்.

முன்வரிசையில உட்கார்ந்திருக்கிற தேவார வகுப்புப் பிள்ளைங்க, நாம யாருக்கு எழுந்து நிக்கிறோம்னு பார்த்துக்கிட்டேதான் இருக்காங்க.